துவைக்கிறவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்: ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்க முழுமையான வழிகாட்டி

வேலூரில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் செவ்வாய்க்கிழமை மதியம் கூடி, பழைய புடவையிலும் தையல்கடை வெட்டுத்துணியிலும் ஒட்டுப்போர்வை தைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை வைத்தே இதை எழுதுகிறேன். ஜாக்கெட் தைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெஷினில் நேராக ஒரு தையல் ஓட்ட வந்தால் போதும். கையால் மட்டுமே தைக்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அது 7-ஆம் பகுதியின் கடைசியில் வரும்.

1. யாருக்கு, யார் துவைப்பார்கள் என்று கேட்டு வாருங்கள்

எல்லோரும் துணியிலிருந்து தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் வருடம் செயற்கைப் பஞ்சு வைத்துக் கனமாகப் பன்னிரண்டு போர்வைகள் தைத்து, ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சில மாதம் கழித்துப் போனபோது எல்லாம் அலமாரியில் மடித்தபடியே இருந்தன. துணி துவைக்கிற அம்மா சொன்னார்: "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நனைஞ்சா என்னால தூக்க முடியலை, பிழியவும் முடியலை." அந்த வீட்டில் எல்லாம் கைத்துவையல். கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பன்னிரண்டும் வீணாகியிருக்காது.

ஆகவே முதல் வேலை, போய்க் கேட்பது. கேட்க வேண்டியவை நான்குதான். படுப்பது கட்டிலிலா, தரையிலா? துவைப்பது கையாலா, மெஷினிலா? காயவைக்கக் கொடியும் வெயிலும் உண்டா? எத்தனை பேர்? இதை நிர்வாகியிடம் மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். துவைக்கிறவரிடமும் கேளுங்கள்.

மருத்துவமனை வார்டுக்கு உள்ளே என்று நினைத்தால், முதலிலேயே அனுமதி கேளுங்கள். தொற்று பரவும் என்பதால் வெளித்துணியைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். அதைவிட வேலூரில் தேவை அதிகம் இருப்பது வெளியேதான். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, சுற்றியுள்ள சிறு அறைகளில் வாரக்கணக்கில் தங்குகிற குடும்பங்களில், நோயாளிக்குக் கட்டில் கிடைத்தாலும் துணைக்கு வந்தவர் தரையில்தான் படுக்கிறார். அவருக்கு விரித்தால் விரிப்பு, போர்த்தினால் போர்வை என்று இரண்டுக்கும் ஆகிற ஒன்று வேண்டும்.

ஜவ்வாது மலையில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தால், மார்கழி பிறக்கும் முன் போய்ச் சேரும்படி ஆடியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

கைக்குழந்தைக்கு என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது மேலே தளர்வான போர்வை கிடப்பது ஆபத்து, முகத்தை மூடிவிடும். அதனால் குழந்தைக்குப் போர்வை தைப்பதில்லை. விழித்திருக்கும்போது தரையில் கிடத்தச் சிறிய விரிப்பாகத் தைக்கிறோம். கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லியே கொடுக்கிறோம்.

2. அளவை முடிவு செய்யுங்கள்

எங்கள் போர்வையின் மேல் துணி முழுக்க ஒரே அளவுச் சதுரங்களால் ஆனது. 7 இஞ்ச் வெட்டி, நான்கு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்குப் போனால், தைத்த பிறகு 6 இஞ்ச் நிற்கும். இந்த ஒரு அளவிலேயே எல்லாம் வந்துவிடுகிறது:

- பெரியவர்களுக்கு 9 வரி அகலம், 13 வரி நீளம். 117 சதுரம், 54க்கு 78 இஞ்ச்.
- பள்ளிப் பிள்ளைகளுக்கு 7க்கு 10. 70 சதுரம், 42க்கு 60 இஞ்ச்.
- சக்கர நாற்காலியில் இருப்பவர் மடிக்கு 6க்கு 7. 42 சதுரம், 36க்கு 42 இஞ்ச். இதைவிடப் பெரிதாகத் தைத்தால் சக்கரத்தில் சிக்கும்.

தையல் படித்தவர்கள் கால் இஞ்ச் போதுமே என்பார்கள். புதுத் துணிக்குப் போதும். பழைய புடவை ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். துவைகல்லில் பத்து முறை அடி வாங்கினால் கால் இஞ்ச் கரைந்து மூட்டு வாய் பிளந்துவிடும். அரை இஞ்சே வையுங்கள்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

ஒரு பெரிய போர்வைக்கு:

- மேல் துணிக்கு, குறைந்தது ஆறு வகைப் பருத்தித் துணி, மொத்தம் 117 சதுரம் வரும் அளவு.
- அடித் துணிக்கு, கிழிசல் இல்லாத ஒரு முழுப் பருத்திப் புடவை.
- நடுத் துணிக்கு, ஒற்றைக் கட்டில் பெட்ஷீட் ஒன்று அல்லது இன்னொரு மெல்லிய புடவை. நிறம் மங்கியிருக்கலாம், இற்றுப் போயிருக்கக் கூடாது.
- 60 ஊக்கு, எண்ணி ஒரு டப்பாவில். 50 குண்டூசி, அதுவும் எண்ணித்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.
- 14 நம்பர், 16 நம்பர் மெஷின் ஊசி இரண்டும். இரண்டு அடுக்கை மூட்டும்போது 14, மூன்று அடுக்கு சேரும்போது 16. மெல்லிய ஊசியால் மூன்று அடுக்கை ஓட்டினால் தையல் விட்டுவிட்டு விழும், ஊசியும் உடையும்.
- இன்ச் டேப், துணிக்கென்றே தனியாக ஒரு கத்தரிக்கோல், சாக், காந்தம் ஒன்று, அயர்ன் பாக்ஸ்.

நூல், ஊக்கு எல்லாம் லாங் பஜார் பக்கம் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். துணிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தையல்கடை அக்காமார்களிடம் கேட்டால் மூட்டையாகவே தருவார்கள். குடியாத்தம் பக்கம் சொந்தம் இருந்தால் லுங்கித் துண்டு கேட்டுப் பாருங்கள். லுங்கி அடிபட அடிபடத்தான் மெதுவாகும், போர்வைக்கு அதைவிட நல்ல துணி நான் பார்த்ததில்லை.

நடுவில் பஞ்சு வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊருக்கு வேண்டாம். வங்காளத்தில் கையால் தைக்கிற காந்தா போர்வையில் பழைய புடவைகள்தான் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், பஞ்சு கிடையாது. மார்கழிக் குளிருக்கு மூன்று அடுக்குப் பருத்தி போதும். சித்திரையிலும் விரித்துப் படுக்கலாம். துவைத்தால் மறுநாளே காயும்.

4. துணியைப் பிரித்தெடுங்கள்

மூட்டையைக் கொட்டியதும் வண்ணம் பார்த்து அடுக்கத் தோன்றும். அதற்கு முன் மூன்று சோதனை.

முதலாவது, பருத்தியா என்று. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பாய் உருண்டு கெட்டியாகும். சாம்பலும் வந்து உருண்டையும் வந்தால் கலப்பு. ஜாக்கெட் வெட்டுத்துணியில் கலப்பு நிறைய வரும். கடைக்காரர் டூ பை டூ பருத்தி என்று கொடுத்தாலும் கொளுத்திப் பாருங்கள். கலப்புத் துணியை ஏன் ஒதுக்குகிறோம் என்றால், பருத்தி சுருங்கும்போது அது சுருங்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மூன்றாவது துவையலில் போர்வை குமிழ் குமிழாக நிற்கும். வியர்வையும் உறிஞ்சாது.

இரண்டாவது, வலு. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சல்லடை போலத் தெரிகிற இடம் இற்றுப்போன இடம். சந்தேகமாக இருந்தால் இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து இழுங்கள், "சர்"ரென்ற சத்தம் வந்தாலே அந்த இடம் ஆகாது. புடவையில் தோளில் பின் குத்தும் இடமும், உட்காருகிற பின்பக்கமும், தரையில் உரசுகிற கீழ்க்கரையும்தான் முதலில் போகும். இடுப்பில் செருகுகிற உள்முனை வெயிலே படாமல் புதிதுபோல இருக்கும், அங்கிருந்து வெட்டத் தொடங்குங்கள். ஃபால்ஸை மறக்காமல் பிரித்துவிடுங்கள். அது சுருங்குகிற விதம் வேறு.

மூன்றாவது, சாயம். வெள்ளைத் துணியை நனைத்து, சிவப்பு, மெரூன், கருநீலம் இவற்றின் மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அதைத் தனியாக வையுங்கள்.

பட்டு வேண்டாம். ஆரணிப் பட்டுக் கரையை வீசி எறிய யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். ஆனால் ஜரிகை குத்தும், துவைகல்லுக்குத் தாங்காது. அதைப் பைக்கும் தலையணை உறைக்கும் எடுத்து வையுங்கள்.

5. துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்த பிறகே கத்தரி

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கிவிடும். பல வீடுகளிலிருந்து வந்த துணி, மூட்டைப்பூச்சி இருந்தாலும் நன்றாகச் சூடான தண்ணீரில் போய்விடும். "புதுத் துணிதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட ஒரு துண்டு, தைத்து முடித்த பிறகு தன்னைச் சுற்றியுள்ள எட்டுத் துண்டையும் இழுத்துச் சுருக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சாயம் போகிற துணியை உப்பில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். அதை நம்பித் தைக்க வேண்டாம். தனியாக மூன்று நான்கு முறை அலசுங்கள். தண்ணீர் தெளிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தெளியாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். போர் தண்ணீரில் சோப்பு நன்றாகப் போகாமல் துணி விறைப்பாக நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள்.

அப்புறம் கஞ்சி. சோறு வடித்த கஞ்சியை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து, வடிகட்டி, துணியை முக்கி எடுத்து முக்கால் பங்கு காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். இதைச் சோம்பல் பட்டுத் தாண்டாதீர்கள். நைந்த புடவை கத்தரிக்கடியில் வழுக்கி ஓடும். ஜாக்கெட் வெட்டுத்துணி பெரும்பாலும் கிராஸாக, அதாவது நூல் போகும் திசைக்குச் சாய்வாக வெட்டியதாக இருக்கும், இழுத்த இழுப்புக்கு நீளும். கஞ்சி போட்டால் இரண்டும் காகிதம்போல நிற்கும். புதிதாக வருகிறவர் வெட்டுகிற சதுரம் ஒழுங்காக வர இதைவிட உதவுவது வேறில்லை.

6. வெட்டுவது

நேர்வாட்டில் வெட்டுங்கள். பாவு நூல் போகும் திசையோ ஊடை போகும் திசையோ சதுரத்தின் ஓரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? துணியை இரு கையால் பிடித்து இழுங்கள். நீளாமல் நின்றால் நேர், ரப்பர்போல நீண்டால் கிராஸ்.

அளவுக்கு 7 இஞ்ச் சதுரமாகத் தகரம் அல்லது கனமான பிளாஸ்டிக் அட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். காலண்டர் அட்டை வேண்டாம். ஐம்பது முறை சாக் உரசியதும் அதன் முனை தேய்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று. வெட்டிய துண்டையே மேலே வைத்து அடுத்த துண்டை வெட்டுவது. வேலை வேகமாகப் போவது போலத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு நூல் அளவு கூடும். இருபதாவது துண்டு ஏழேகால் இஞ்சாக இருக்கும். எல்லாவற்றையும் தகரத்தை வைத்தே வரையுங்கள். முடிந்தால் ஒரு போர்வைக்கு ஒருவரே வெட்டட்டும். நான்கு பேர் வெட்டினால் நான்கு ஏழு இஞ்ச் வரும்.

நான்கு அடுக்குக்கு மேல் சேர்த்து வெட்டாதீர்கள், கீழ்த் துண்டு நகரும். வெட்டியதைப் பத்துப் பத்தாக நூல் கட்டி வையுங்கள்.

அடித் துணியையும் இப்போதே வெட்டிவிடலாம். புடவை அகலம் 45 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். 84 இஞ்ச் நீளத்துக்கு ஒரு முழு அகலத் துண்டு. மீதியிலிருந்து 84 இஞ்ச் நீளத்தில் 16 இஞ்ச் அகலப் பட்டி ஒன்று. இரண்டையும் மூட்டினால் 60க்கு 84 வரும், மேல் துணியைவிடச் சுற்றிலும் இரண்டரை மூன்று இஞ்ச் அதிகம். சரிபாதியாக வெட்டி நடுவில் மூட்டு வைக்கலாமே என்று தோன்றும். மடிக்கும்போது மடிப்பு விழுவது நடுவில்தான், மூட்டும் அங்கேயே இருந்தால் அந்த இடம் சீக்கிரம் தேயும். அந்த 84 இஞ்ச் நீளத்தில் மிஞ்சுகிற துணியிலிருந்து இரண்டரை இஞ்ச் அகலத்தில் நான்கு பட்டிகளை நீளவாட்டில் வெட்டி எடுத்து வையுங்கள், அது ஓரம் கட்ட.

7. அடுக்கி, மூட்டுவது

117 சதுரத்தையும் தரையில் பரப்பி அடுக்குங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு. ஒரே துணி பக்கத்தில் பக்கத்தில் வராமல் பாருங்கள். அடர்நிறம் ஒரு மூலையில் குவிகிறதா என்று நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து பார்த்தால் தெரியும். இந்த இடத்தில் எங்கள் குழுவில் நேரம் போவதே தெரியாது, ஆளுக்கு ஒன்று சொல்வோம். போகட்டும். போர்த்துகிறவர் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே படுக்கப் போகிறார், அவர் கண்ணுக்கு அது அழகாக இருக்க வேண்டும். நலிந்த துண்டு ஏதாவது நுழைந்திருந்தால் ஓரத்திலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள். இழுபடுவது ஓரம்தான்.

அடுக்கியதும் ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாக ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேலே வரி எண் எழுதிய சீட்டைக் குத்திவிடுங்கள். சீட்டு குத்தாமல் அள்ளினால் அடுக்கியது அத்தனையும் போச்சு.

இப்போது மெஷின். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ளே வர, அரை இஞ்சில் தையுங்கள். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து அரை இஞ்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் கண் அங்கேயே போகும். முதலில் மூன்று துண்டை மட்டும் மூட்டி அளந்து பாருங்கள். நடுத் துண்டு சரியாக 6 இஞ்ச் இருக்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் தவறினாலும் 9 துண்டில் அரை இஞ்ச் வித்தியாசம் வந்துவிடும், அப்புறம் ஒரு வரியும் இன்னொரு வரியும் சேராது.

ஒரு வரி முடிந்ததும் உள்பக்கத் தையலை ஒரே பக்கமாகச் சாய்த்துத் தேயுங்கள். ஒற்றைப்படை வரிக்கு வலப்பக்கம், இரட்டைப்படை வரிக்கு இடப்பக்கம். இரண்டு வரியைச் சேர்க்கும்போது சாய்வுகள் எதிரெதிராக வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். மூலைகள் தானாகச் சேரும், அந்த இடமும் தடிக்காது. சாய்க்காமல் விரித்துத் தேய்த்தால் இழுபடுவது நூல் மட்டும்தான். சாய்த்தால் துணியும் சேர்ந்து தாங்கும்.

வரிகளைச் சேர்க்கும்போது முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், கனம் கூடிக் கை வலிக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றை மறுபடி சேருங்கள்.

மெஷின் இல்லாதவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன் என்றேன். கர்நாடகத்தில் சித்தி என்ற பழங்குடிச் சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். அடித் துணியாக ஒரு புடவையை விரித்து, அதன் மூலையில் தொடங்கி, ஒட்டுத் துண்டை ஓரம் மடித்து வைத்து, மூட்டாமல் நேரே அடித் துணியோடு சேர்த்துக் கையாலேயே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். மூட்டுவது, அடுக்குவது, ஓரம் கட்டுவது மூன்றும் ஒரே வேலையில் முடியும். துண்டு எந்த அளவில் இருந்தாலும் பரவாயில்லை. நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளை அடுக்கிப் பூப்போல வைப்பது அவர்கள் வழக்கம். கைத்தையலில் பழகிய வயதானவர்கள் எங்கள் குழுவுக்கு வந்தால் இதைத்தான் கொடுக்கிறோம்.

8. மூன்று அடுக்கைச் சேர்ப்பது

சுத்தமான தரை வேண்டும். அடித் துணியை நல்ல பக்கம் கீழே போகும்படி விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். விண்ணென்று இழுக்க வேண்டாம். இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல் துணி தொளதொளக்கும். அதன் மேல் நடுத் துணி. அதன் மேல் மேல் துணி, நல்ல பக்கம் மேலே.

நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கிக் கையால் நீவி, ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரத்தில் ஊக்கு குத்துங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும், அங்கிருந்து வெளியேற இடம் இருக்காது. குத்தி முடித்ததும் டேப்பை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அடித் துணியில் மடிப்பு விழுந்திருந்தால் இப்போதே பிரித்துச் சரிசெய்யுங்கள். தைத்த பிறகு பார்த்தால் மனசு உடைந்துவிடும்.

9. ஓட்டுத் தையல்

மூன்று அடுக்கையும் பிணைக்கிறது இதுதான். நடுத் துணி உள்ளே சுருண்டு ஒரு பக்கம் சேராமல் இருப்பதும் இதனால்தான். ஒரு சாணுக்கு மேல் தையல் இல்லாத இடம் இருக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு. மூட்டுக்குக் கால் இஞ்ச் தள்ளி, நெடுக்காகவும் குறுக்காகவும் ஒவ்வொரு வரியிலும் ஓட்டினால் போதும்.

கையால் என்றால், ஒரு அரிசி நீளம் தையல், ஒரு அரிசி நீளம் இடைவெளி. அதைவிடப் பெரிதாக இருந்தால் கால்விரல் மாட்டும், வயதானவர்களுக்கு விரல் நகம் மாட்டும். ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்காதீர்கள், சிக்கல் பிரிக்கவே நேரம் போகும். முடிச்சை மேலே விடாமல், ஊசியை நடு அடுக்கில் நுழைத்து வெளியே இழுத்து, "டக்"கென்று முடிச்சை உள்ளே இறக்கிவிடுங்கள். துவைகல்லில் முதலில் தேய்வது வெளியே நிற்கிற முடிச்சு. ஒரு மதியம் சிஎம்சி பக்கத்து அறையில் தங்கியிருந்த வங்காளத்து அம்மா ஒருவர் எங்களோடு உட்கார்ந்து ஓட்டினார். மொழி தெரியாது. ஒரே மூச்சில் ஊசியில் ஆறேழு தையல் கோத்து இழுத்தார். அன்றிலிருந்து நாங்களும் அப்படித்தான் கோக்கிறோம். துணி சுருங்காமல் வருகிறது, கையும் வலிப்பதில்லை.

மெஷினில் என்றால் 16 நம்பர் ஊசி, தையலைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். நடு வரியில் தொடங்கி வெளியே போங்கள். முக்கியமானது, எல்லா வரியையும் ஒரே திசையிலிருந்து தையுங்கள். மெஷின் மேல் துணியைச் சற்று முன்னால் தள்ளும். ஒரு வரி மேலிருந்து கீழ், அடுத்தது கீழிருந்து மேல் என்று போனால் இரண்டுக்கும் நடுவில் துணி முறுக்கிக்கொண்டு நிற்கும். மேல் துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் மெதுவாக ஓட்டுங்கள். ஊக்கு அருகில் வந்ததும் நிறுத்தி, கழற்றி, டப்பாவில் போட்டுவிட்டுத் தொடருங்கள். ஊக்கின் மேல் ஓட்டினால் ஊசி உடைந்து கண்ணில் தெறிக்கும்.

10. ஓரம் கட்டுவது

அடித் துணியையே மேலே மடித்துத் தைத்துவிடலாம், வேலை சுலபம். பலர் அப்படிச் செய்கிறார்கள். நான் கூடாது என்பேன். போர்வையில் முதலில் கிழிவது ஓரம். அங்கே ஒற்றைத் துணி இருந்தால் ஒரு வருடம்கூட வராது. தனிப் பட்டியை இரண்டாக மடித்துக் கட்டினால் இரட்டைத் துணி. கிழிந்தாலும் அதை மட்டும் பிரித்து மாற்றலாம்.

மேல் துணி ஓரத்தோடு மற்ற இரண்டையும் சமமாக வெட்டுங்கள். எடுத்து வைத்த நான்கு பட்டியையும் சாய்வாக மூட்டி ஒரே நீளமாக்குங்கள். சுற்றளவு 264 இஞ்ச், மூலைக்கும் முடிவுக்கும் சேர்த்து 276 வேண்டும், உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கும். பட்டியை நீளவாட்டில் பாதியாக மடித்துத் தேய்த்து, போர்வையின் மேல் பக்கத்தில், வெட்டிய ஓரமும் வெட்டிய ஓரமும் சேர வைத்து அரை இஞ்சில் தையுங்கள். நேர் ஓரத்துக்கு கிராஸ் பீஸ் தேவையில்லை. துணி வீணாகும், ஓரமும் அலைபோல நெளியும்.

மூலைதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. மூலைக்கு அரை இஞ்ச் முன்னால் நிறுத்தி, இரண்டு தையல் பின்னால் போய், நூலை வெட்டுங்கள். பட்டியை நேர் மேலே மடியுங்கள், மூலையில் சாய்வான மடிப்பு ஒன்று விழும். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டியைக் கீழே இறக்கி அடுத்த ஓரத்தோடு சேர்த்து, மேல் விளிம்பிலிருந்து மறுபடி தையுங்கள். காகிதத்தில் ஒரு முறை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

பின்பக்கம் திருப்பி, மடிந்த ஓரம் தையலை மூடும்படி வைத்துக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். நெருக்கமாக.

11. எண்ணுங்கள், துவையுங்கள், எடை போடுங்கள்

ஊக்கு 60, குண்டூசி 50. டப்பாவில் எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் போர்வை மெஷின் மேஜையை விட்டு நகரும். குறைந்தால் காந்தத்தைப் போர்வை மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தித் தேடுங்கள். உடைந்த ஊசி முனைக்கும் இதே தேடல். படுக்கையில் கிடக்கிறவர் ஒருவருக்கு உணர்ச்சி இல்லாத கால் இருக்கலாம், குத்தியதே தெரியாது. கிடைக்கவில்லை என்றால் அந்தப் போர்வையைக் கொடுப்பதில்லை.

அடுத்து, கொடுக்கும் முன் நாமே ஒரு முறை துவைக்க வேண்டும். அவர்கள் எப்படித் துவைப்பார்களோ அப்படி. கையால் துவைக்கிற இடம் என்றால் கல்லில் அடித்துத் துவையுங்கள். கஞ்சி முழுக்கப் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுக்கி வைக்கும்போது கரப்பானும் பூச்சியும் தேடி வரும். சாயம் போகிறதா, மூட்டு பிரிகிறதா, எல்லாம் இந்தத் துவையலில் தெரியும். தெரிந்தால் நம் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

காய்ந்ததும் எடை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் முதியோர் இல்லத்துக்கு வேண்டாம், மெஷினில் துவைக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். எடை சரியாக இருந்தாலும், நனைந்த போர்வையைக் குழுவில் வயதில் மூத்தவர் ஒருவரைத் தூக்கிப் பிழியச் சொல்லிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர் கையில் நிற்கிறது என்றால் யார் கையிலும் நிற்கும்.

12. கொடுக்கும்போது

பத்துப் பேர் இருக்கும் இடத்துக்குப் பன்னிரண்டு கொடுங்கள். இரண்டு எப்போதும் கொடியில் இருக்கும். பத்து மட்டும் கொடுத்தால், துவைக்கிற நாளில் இரண்டு பேருக்குப் போர்வை இல்லை, அதனால் துவைக்காமலே ஓட்டுவார்கள்.

பாலித்தீன் உறையில் போடாதீர்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியில் கட்டிக் கொண்டுபோனால் போதும். பின்பக்க மூலையில் ஒரு சிறு துணியில் "பருத்தி, சுடுதண்ணீரில் துவைக்கலாம்" என்று எழுதித் தைத்துவிடுங்கள். கொடுத்தவர் பெயர் அங்கே வேண்டாம். அது இனி போர்த்துகிறவருடைய போர்வை. போர்த்திக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கவும் வேண்டாம். முடிந்தால் வாங்குகிறவரே பார்த்து எடுத்துக்கொள்ளும்படி விரித்து வையுங்கள். அப்படி அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொன்ன ஓர் இடத்தில், தன் ஊர்ப் புடவைக் கரை மாதிரி இருக்கிறது என்று ஒரு பாட்டி எடுத்துப் போன போர்வை, நாங்கள் சுமார் என்று நினைத்துக் கடைசியில் வைத்த ஒன்று.

துவைக்கிறவரிடம் தனியாக ஒரு சின்னப் பை கொடுங்கள். அதில் நான்கு சதுரத் துணி, ஒரு நூல்கண்டு, இரண்டு ஊசி, ஓரப் பட்டியில் ஒரு முழம். எங்கே முதலில் கிழிகிறது என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். கிழிந்ததை அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த போர்வைக்கு எந்த இடத்தை இன்னும் கெட்டியாகத் தைக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.